காப்பீட்டு மேசையில் ‘மார்பகம்’ என்ற சொல்

சென்ற வாரம் திவ்யா தொலைபேசியில் அழைத்து ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னாள். அடையாற்றில் நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த தனியார் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில், என் இடத்தில் இப்போது இருப்பவள் அவள். நோயாளிகளின் கேள்விகளுக்குக் கைபேசியிலேயே விடை வரும்படி ஓர் ஏற்பாடு செய்கிறார்களாம். மார்பகத்தில் இம்பிளாண்ட் எனும் செயற்கை உள்பொருத்தியைப் பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு முன்னால், காப்பீடு எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது, கையிலிருந்து எவ்வளவு போகும் என்று கேட்டு வரும் பெண்களுக்கு நாங்கள் என்ன சொல்லிவந்தோம் என்பது அவளுக்குச் சுருக்கமாக வேண்டும். “ஒரு பக்கம் போதும் மேடம். பாயிண்ட் பாயிண்டா குடுத்தீங்கன்னா நான் அப்படியே ஏத்திடுவேன்” என்றாள்.

அந்த ஒரு பக்கத்தை அன்று மாலையே அனுப்பிவிட்டேன். அதில் பிழை இருக்காது. ஆனால் அனுப்பிய பிறகுதான், அந்தப் பக்கத்தில் அடங்காத ஒரு பெண்ணின் நினைவு வந்து நின்றது. இது அவரைப் பற்றியது. அவரைப் பற்றிச் சொல்ல, எங்கள் வேலை எப்படி நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நான் தமிழ் முதுகலை படித்தவள். அதிகம் பேசாதவள். கல்லூரி ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு, அது கிடைக்கும்வரை என்று சொல்லித்தான் மருத்துவமனையில் சேர்ந்தேன். அது கிடைக்கவில்லை, இது நிலைத்துவிட்டது. பாலிசி வாசகங்களைச் செய்யுளைப் படிப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் படிக்கும் பழக்கம் ஒன்றுதான் என் படிப்பிலிருந்து அந்த மேசைக்கு வந்தது. ‘தவிர’, ‘எனினும்’, ‘அதற்கு உட்பட்டு’ என்ற சொற்களுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு மறைந்திருக்கும் என்பதைச் சில மாதங்களில் கற்றுக்கொண்டேன்.

எங்கள் பிரிவின் தலைவி ரெஜினா மேடம். சாந்தோம்காரர், வீட்டில் பாதிப் பேர் ஆசிரியர்கள், அவரும் நடந்தால் வகுப்பு எழுந்து நிற்கும் என்று நினைக்கத் தோன்றும். யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை; யாருக்கும் ஆறுதல் சொல்லியும் கேட்டதில்லை. ‘கவர் ஆகும்’ என்று வாய்மொழியாகச் சொல்வதை அவர் எங்களுக்குத் தடை செய்திருந்தார். ‘கேட்டிருக்கிறோம்’, ‘அனுமதி வந்திருக்கிறது’, ‘மறுத்திருக்கிறார்கள்’ ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் சொல்லலாம். நான் சேர்ந்த புதிதில் ஓர் அம்மா அழுததைப் பார்த்து, எல்லாம் நல்லபடி முடியும் என்று சொல்லிவிட்டேன். அவர் போன பிறகு மேடம் என்னை அழைத்தார். “உமா, தைரியம் சொல்ல வார்டுல சிஸ்டருங்க இருக்காங்க. நம்ம வேலை தொகையைச் சொல்றது. அதைச் சரியாச் சொல்லு. அதுலயே பாதி தைரியம் வந்துடும்” என்றார்.

மார்பக அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் அவர் வேறொரு முறை வைத்திருந்தார். அவர்களை வரிசையில் நிற்க வைத்துப் பேசக் கூடாது. உள் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்த வேண்டும். பாலிசி கணவர் பெயரிலேயே இருந்தாலும் விவரத்தை அந்தப் பெண்ணிடம்தான் சொல்ல வேண்டும். பேசும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் காகிதத்தைப் பார்க்க வேண்டும். கண் வேறெங்கும் போகக் கூடாது. பிறகு ஒரு வெள்ளைத் தாளில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் காப்பீட்டு நிறுவனம் கொடுப்பதையும் வலப்பக்கம் அவர் கொடுக்க வேண்டியதையும் எழுத வேண்டும். கடைசியில் அந்தப் பெண்ணே அதைத் தன் வாயால் நம்மிடம் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் நாம் சரியாக விளக்கவில்லை என்று பொருள்.

என்னென்ன எழுதுவோம் என்பதையும் குறிப்பிடுகிறேன். பெரும்பாலான பாலிசிகளில் அழகுக்காகச் செய்யும் அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடையாது; அது ‘விலக்கு’. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றால் இழந்ததை மீட்டமைப்பதற்கு அந்த விலக்கு பொருந்தாது. ஆகவே இம்பிளாண்ட் எதற்காக என்பது மருத்துவரின் குறிப்பில் ஐயமில்லாமல் இருக்க வேண்டும். இம்பிளாண்டின் விலைக்குத் தனி உச்சவரம்பு இருக்கலாம். அறை வாடகைக்கு வரம்பு இருந்து, அதற்கு மேற்பட்ட அறையை எடுத்தால், அறைக்கு மட்டுமல்ல, மருத்துவர் கட்டணம் உட்படப் பலவற்றுக்கும் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்வார்கள். விருந்தினர் வந்தால் உட்கார இடம் வேண்டும் என்று பெரிய அறை எடுத்து, வீடு திரும்பும் நாளில் திகைத்து நின்றவர்கள் பலர். மற்றொரு பக்க மார்பகத்தை இதற்கு இணையாகச் சீராக்கும் சிகிச்சையைச் சில பாலிசிகள் ஏற்கும், சில ஏற்காது. கையுறை, பஞ்சு முதலானவை நோயாளியின் கணக்கு. முன் அனுமதி என்பது முடிவான அனுமதி அன்று. வீடு திரும்பும்போது இறுதிக் கணக்கை மறுபடி பார்ப்பார்கள்.

நோய் எதுவுமின்றி, தன் விருப்பத்திற்காக இம்பிளாண்ட் வைத்துக்கொள்ள வருகிறவர்களுக்கும் இதே அறை, இதே தாள். தி. நகரிலிருந்து, திருமணம் நிச்சயமான ஒரு பெண் தோழியோடு வந்திருந்தார். எழுதுவதற்கு இடப்பக்கத்தில் ஒன்றுமில்லை. முழுச் செலவும் அவருடையது; பின்னாளில் அந்த இம்பிளாண்டில் கோளாறு வந்தாலோ மாற்ற நேர்ந்தாலோ அதுவும் பெரும்பாலும் அவருடையதே என்று ரெஜினா மேடம் வலப்பக்கத்தில் எழுதினார். தோழி சிரித்துக்கொண்டே, “கார் மாதிரி சர்வீஸ் செலவும் கீதுடி” என்றாள். மேடம் சிரிக்கவில்லை, ஆனால் ஆமாம் என்று தலையசைத்தார். அந்தப் பெண் யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். வந்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அவரைப் பற்றி எங்கள் அறையில் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பதும் மேடத்தின் முறைகளில் ஒன்று.

நான் சொல்ல வந்த வளர்மதியும் அவர் கணவர் முருகேசனும் வந்தது இதற்குச் சில ஆண்டுகள் கழித்து. மேற்கு மாம்பலத்தில் ரயில் நிலையத்துக்கு அருகில் அவர்கள் வீடு. இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். முருகேசன் தி. நகரில் ஒரு பெரிய நகை, துணிக் கடையில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார். வளர்மதி வீட்டில் தையல் இயந்திரம் வைத்து, அந்தக் கடையில் நிற்கும் விற்பனைப் பெண்களுக்குச் சீருடை ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். இடது மார்பகத்தில் கட்டி; பயாப்சியில் புற்றுநோய் என்று உறுதியாகியிருந்தது. மார்பகத்தை அகற்றும்போதே இம்பிளாண்ட் வைத்து மீட்டமைக்கவும் முடியும், அவர் நிலைமை அதற்கு ஏற்றதாக இருக்கிறது என்று அறுவை மருத்துவர் சொல்லியிருந்தார். அடுத்த வாரத்தில் நாள் குறித்தாகிவிட்டது. அதைத் தள்ளிப்போட மருத்துவர் சம்மதிக்கவில்லை.

எங்கள் பக்கத்திலிருந்து முன் அனுமதிக் கோரிக்கையை முறைப்படி அனுப்பினோம். நோயின் பெயர், சிகிச்சையின் பெயர், பயாப்சி அறிக்கை, செலவு மதிப்பீடு எல்லாம் அதில் இருந்தன. பதில் பாதியாக வந்தது. அகற்றுவதற்கு அனுமதி, மீட்டமைப்புக்கும் இம்பிளாண்டுக்கும் மறுப்பு. காரணத்தைப் படித்தபோது எனக்குப் புரியவில்லை. வேலை கொடுப்பவர் அனுப்பிய கடிதத்தில் இது அழகு சார்ந்த பிளாஸ்டிக் சர்ஜரி என்று இருக்கிறது, ஆகவே விலக்கில் அடங்கும் என்று எழுதியிருந்தார்கள்.

அது கடை தன் ஊழியர்களுக்காக எடுத்திருந்த குழுப் பாலிசி. ஊழியரின் குடும்பத்தில் யாருக்குச் சிகிச்சை நடந்தாலும், என்ன சிகிச்சை என்று குறிப்பிட்டுக் கடையும் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும் என்பது அதன் விதி. அந்தக் கடிதத்தை எழுதியவர் முருகேசனே. கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால் அவரே தட்டச்சு செய்து, மேலாளரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பியிருக்கிறார். மனைவிக்குத் தோல் சம்பந்தமான பிளாஸ்டிக் சர்ஜரி, தோற்றத்தைச் சரிசெய்ய, என்று எழுதியிருந்தார். மார்பகம் என்ற சொல்லும் இல்லை, புற்றுநோய் என்ற சொல்லும் இல்லை.

ஏன் என்று மேடம் கேட்டார். முருகேசன் தரையைப் பார்த்தபடி சொன்னார். கடை முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்று அழைப்பார்கள். அவர் முருகேசனுக்குத் தூரத்து உறவு. மேலாளர் வளர்மதிக்குச் சித்தப்பா முறை. கல்லாவில் இருப்பவர் பக்கத்துத் தெருக்காரர். மகளுக்கு ஊரில் ஒரு வரன் பேசி முடிக்கும் தறுவாயில் இருந்தது. தாய்க்கு இந்த நோய் என்று தெரிந்தால் மகளுக்கும் வரும் என்று பேசுவார்கள் என்ற அச்சம் அவருக்கு. “எங்க கடையில ஒருத்தன் தும்முனா, ஊர்ல அவன் அம்மா கஷாயம் வைக்கும் மேடம்” என்றார். சிரிப்பதுபோல் தொடங்கிய முகம் சிரிப்பாக முடியவில்லை.

கடைக்குப் போகாமல், மருத்துவமனையிலிருந்தே ஒரு விளக்கம் அனுப்ப முடியுமா என்று அவர் கேட்டார். அறுவை மருத்துவரிடம் சொல்லி இன்னும் விரிவான குறிப்பு வாங்கி அதையும் அனுப்பினோம். மேடமே காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவ அதிகாரியிடம் பேசினார். கடையின் கடிதம் திருத்தப்படாமல் கோப்பை மறுபடி திறக்க இயலாது என்பதே பதில். அப்படியானால் கடை முதலாளியிடம் நாங்களே பேசிவிடலாமே என்று நான் மெதுவாகச் சொன்னேன். மேடம் மறுத்துவிட்டார். “இது அவங்க உடம்பு. அவங்க சொல்லுன்னு சொல்லாம, அவங்க வீட்டுக்காரர் வேலை பாக்கிற இடத்துல போய்ச் சொல்ற உரிமை நமக்கு இல்ல உமா.” அன்று எனக்கு அது கல்மனமாகத் தோன்றியது.

மேடம் வளர்மதி பக்கம் திரும்பி, மீட்டமைப்பை இப்போதே செய்தால் கையிலிருந்து எவ்வளவு, பின்னால் தனியாகச் செய்தால் எவ்வளவு, செய்யாமலே விட்டால் எவ்வளவு என்று தாளில் எழுதிக் காட்டினார். முருகேசன் உடனே, மகள் கல்யாணத்துக்காகக் கடையில் கட்டிவரும் நகைச்சீட்டை முடித்துப் பணத்தை எடுத்துவிடலாம், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம் என்றார். வளர்மதி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தச் சீட்ட முடிச்சா, எதுக்கு முடிச்சன்னு அதே ஆளுகதான கேப்பாவ?” என்று கணவரைக் கேட்டார்.

இம்பிளாண்ட் வேண்டாம் என்று வைத்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை என்பதையும் மேடம் மறைக்கவில்லை. அது வளர்மதியின் முடிவு, எந்த முடிவானாலும் சிகிச்சையில் குறையிருக்காது என்று மருத்துவர் சொல்லியிருந்ததையும் நினைவூட்டினார். அப்போது வளர்மதி சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன். “எனக்கு அழகுக்கு இல்ல மேடம். நாளெல்லாம் பொம்பளப் பிள்ளைகளுக்கு அளவெடுக்கேன். குனிஞ்சு டேப்ப வைக்கும்போது எதிர்ல நிக்கவ கண்ணு எங்க வரும்னு எனக்குத் தெரியும். ஒருத்தி ரெண்டு பேரு பாத்தா தாங்கிக்கிடலாம். தினமும் தாங்கிக்கிட்டு என்னால தைக்க முடியாது.”

பிறகு இருவரும் போய்விட்டார்கள். அடுத்த நாள் எந்தச் செய்தியும் இல்லை. அறுவை அரங்கின் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே அகற்றுதல் மட்டும் என்று எழுதவா, மீட்டமைப்பும் சேர்த்து எழுதவா என்று செவிலியர் என்னிடம் கேட்டார். மேடத்தைக் கேட்டேன். “ரெண்டும் எழுது. அவங்க வேண்டாம்னு இன்னும் சொல்லல” என்றார்.

அதற்கு மறுநாள் வளர்மதி தனியாக வந்தார். கடையின் பெயர் பொறித்த தாளில் திருத்திய கடிதம் கையில் இருந்தது. அதில் இடது மார்பகப் புற்றுநோய், அகற்றுதல், அதே வேளையில் மீட்டமைப்பு என்று மருத்துவரின் குறிப்பில் உள்ளபடியே இருந்தது. எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

கணவரிடம் சொல்லாமல் முந்தின நாள் தி. நகருக்குப் போயிருக்கிறார். மாடியில் அண்ணாச்சியின் அறையில் மேலாளரும் இன்னும் சிலரும் கணக்கு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். தைத்த ரவிக்கைகளுக்குப் பணம் வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்து, கீழே கல்லாவில் வாங்கிக்கொள்ளும்படி அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். வளர்மதி அங்கேயே நின்று, தனக்கு மார்பகத்தில் புற்றுநோய் என்றும், முன்பு போன கடிதம் தவறு என்றும், சரியான கடிதம் இன்றே வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். மேலாளர் எழுந்து வெளியே போகப் பார்த்தாராம். இருங்க சித்தப்பா என்று நிறுத்தியிருக்கிறார்.

“அண்ணாச்சி என்னைய நிமிந்து பாத்தாவ மேடம். பொறவு, ‘ஏம்மா, இத முருகேசன்ட்டயே சொல்லி விட்டிருக்கலாம்லா’ன்னாவ. ‘அவுக சொன்னதுதான் அண்ணாச்சி அந்த லெட்டரு’ன்னேன்.”

அத்தனை பேர் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டுமா, அவரைத் தனியாகப் பார்த்துச் சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டுவிட்டேன். நான் நோயாளிகளிடம் இப்படிக் கேட்பவள் அல்ல.

“எப்படியும் வெளிய வரும் மேடம். பத்துப் பேரு பத்து விதமா சொல்லுததுக்கு, நானே ஒரு விதமாச் சொல்லிட்டேன்” என்றார்.

மேடம் ஏன் கடையோடு பேச மறுத்தார் என்பது எனக்கு அப்போது விளங்கியது. நாங்கள் பேசியிருந்தால் அந்த அறைக்கு வளர்மதி போயிருக்க மாட்டார். செய்தி மட்டும் போயிருக்கும்.

கடிதத்தை உடனே அனுப்பினோம். அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் பிற்பகலில் அனுமதி வந்தது. மீட்டமைப்புக்கு உண்டு, இம்பிளாண்டுக்கு ஒரு வரம்பு வரை உண்டு, வலது பக்கத்தை இணையாகச் சீராக்குவதற்கு இல்லை. அன்று முருகேசனும் உடன் வந்திருந்தார். கதவைச் சாத்திவிட்டு, தாளில் கோடு கிழித்து நானே எழுதினேன். வரம்புக்குள் கிடைக்கும் இம்பிளாண்ட் போதுமானது என்று மருத்துவர் எழுதித் தந்திருந்தார். வலது பக்கத்தைத் தொட வேண்டாம் என்று வளர்மதி முடிவு செய்தார். இருவர் தங்கும் அறையே போதும் என்றார். அதனால் விகிதக் கழிவும் இல்லை. வலப்பக்கத்தில் மீந்த தொகைக்குச் சீட்டைத் தொட வேண்டியிருக்கவில்லை. திருப்பிச் சொல்லும்படி கேட்டேன். வளர்மதி சொல்லத் தொடங்கினார். ஓரிடத்தில் நிறுத்தி, கணவரைப் பார்த்து, “நீங்க சொல்லுங்க” என்றார். முருகேசன் தாளைப் பார்த்துப் படித்தார். முதல் வரியிலேயே ‘மார்பகம்’ என்ற சொல் இருந்தது. அதையும் விடாமல் படித்தார்.

சிகிச்சை நல்லபடியாக நடந்தது. வீடு திரும்பிய நாளில் இறுதி அனுமதியும் பெரிய வேறுபாடின்றி வந்தது. பின்தொடர் சிகிச்சைகளின்போது வளர்மதி இடையிடையே எங்கள் மேசைக்கு வந்து ரசீதுகளைக் கொடுத்துப் போவார். அப்படி ஒரு நாள், மகளுக்குப் பேசிய வரன் தவறிப்போனதைச் சொன்னார். பிள்ளை வீட்டார் காரணம் எதுவும் சொல்லவில்லையாம். ஜாதகத்தை மட்டும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ரெஜினா மேடம் எழுந்து வந்து, அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், மகளுக்கு எந்த வயதிலிருந்து பரிசோதனை தேவை என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளும்படி மட்டும் சொன்னார். வளர்மதி தலையசைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. கடையில் நான் சொன்னது சரியா மேடம், தப்பா மேடம் என்று அவர் எங்களைக் கேட்கவில்லை. அவருக்குக் கிடைத்ததற்கும் அவர் மகள் இழந்ததற்கும் நடுவே கோடு கிழித்து எழுத எந்தத் தாளும் எங்களிடம் இல்லை.

ரெஜினா மேடம் ஓய்வு பெற்று, அந்த இருக்கைக்கு நான் வந்த ஆண்டில், ஒரு முற்பகலில் இளம்பெண் ஒருத்தி மேசைக்கு வந்தாள். முருகேசன் வேலை பார்த்த அந்தக் கடையின் சீருடைச் சேலையில் இருந்தாள். இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு நேராக வந்திருக்கிறாள். வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் ஆட்கள் நின்றார்கள். உள் அறைக்கு வரும்படி சொல்ல நான் எழுவதற்குள் அவள் பேசத் தொடங்கிவிட்டாள்.

“எனக்கு மார்பகத்துல ஒரு கட்டி இருக்கு மேடம். டாக்டர் ஆபரேஷன் வரைக்கும் போகலாம்னு சொல்லிருக்காங்க. இன்சூரன்ஸ்ல எது வரும், எது வராதுன்னு முன்னாடியே கேட்டுக்கச் சொல்லி வளர்மதி அக்காதான் அனுப்பிச்சாங்க. எங்க கடையில நாங்க எல்லாருமே இப்ப டெஸ்ட் எடுத்துக்கிறோம்.”

பின்னால் நின்ற ஆண்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். அவள் அதைக் கவனிக்கவில்லை. நான் கைநீட்டி அவளுடைய காப்பீட்டு அட்டையை வாங்கிக்கொண்டேன்.